மனித மூதாதையரின் புதைபடிவங்கள்: நடை முதலில், மூளை பின்னர்

மனித மூதாதையரின் புதைபடிவங்கள் என்பவை, இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு முன்பு வாழ்ந்து மறைந்த மனித வழியினர் விட்டுச் சென்ற எலும்புகள், பற்கள், காலடித் தடங்கள் முதலிய எச்சங்களாகும். இவற்றுள் மிகப் பழமையானவை ஆப்பிரிக்காவில் கிடைத்துள்ளன. மனித வழியும் சிம்பன்சி வழியும் ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்த பின்னர், மனித வழியில் முதலில் மாறியது எது? மூளையா, காலா? நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் ஆராய்ந்து வந்த கேள்வி இது. பெரிய மூளைதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் உறுதியாக நம்பினர். பாறைகளில் கிடைத்த சான்றுகள் வேறு விடை தந்தன. நிமிர்ந்த நடை முதலில் வந்தது. மூளை குறிப்பிடத்தக்க அளவில் பெருகத் தொடங்கியது அதற்கு இருபது இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே.

புதைபடிவம் உருவாகும் விதமும் வயதுக் கணிப்பும்

இறந்த உயிரினத்தின் உடல் பெரும்பாலும் சில ஆண்டுகளில் அழிந்துவிடும். விலங்குகள் தின்னும், வெயிலும் மழையும் எலும்பை நொறுக்கும். ஆற்று வண்டல், ஏரிச் சேறு, எரிமலைச் சாம்பல், குகை மண் ஆகியவற்றால் விரைவில் மூடப்பட்ட எலும்பு மட்டுமே தப்பிப் பிழைக்கிறது. நீரில் கரைந்து வரும் கனிமங்கள் அதனுள் மெல்ல மெல்லப் படிந்து அதனைக் கல்லாக மாற்றுகின்றன. பற்களின் மேற்பூச்சு உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்பதால், கிடைக்கும் புதைபடிவங்களில் பற்களே மிகுதி.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு இவ்வகை ஆய்வுக்குப் பெரிதும் துணை செய்துள்ளது. அங்கே எரிமலைகள் மீண்டும் மீண்டும் சாம்பலைப் பொழிந்துள்ளன. எரிமலைப் பாறையில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சீரான வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறுகிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். சாம்பல் அடுக்கில் எவ்வளவு ஆர்கான் சேர்ந்துள்ளது என்று அளந்தால் அந்த அடுக்கின் வயது தெரியும். மேலும் கீழுமாக இரண்டு சாம்பல் அடுக்குகளுக்கு இடையே ஓர் எலும்பு இருந்தால், அதன் வயது அவ்விரண்டு அடுக்குகளின் வயதுகளுக்கு இடைப்பட்டதாகும். எலும்பை நேரடியாகக் கணிக்க முடியாத போதும் வயதை உறுதியாகக் கூற முடிவது இதனால்தான்.

மூளையே முதலில் என்ற நம்பிக்கை

1856ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு குகையில் சில எலும்புகளைக் கண்டனர். அவை கரடியின் எலும்புகள் அல்ல, பழமையான மனிதனுடையவை என்று கண்டறிந்தவர் யோகான் கார்ல் புல்ராட் என்ற பள்ளி ஆசிரியர். அதுவே நியாண்டர்தால் மனிதன் என்ற பெயருக்குக் காரணமான கண்டுபிடிப்பு. ஆனால் நியாண்டர்தால் மனிதனின் மூளை நம் மூளை அளவுக்குப் பெரியது. எனவே மனித வழியின் தொடக்கத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

1871இல் வெளியான நூலில் சார்லஸ் டார்வின், மனிதனின் மூதாதையர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கருதினார். கொரில்லாவும் சிம்பன்சியும் அங்கு வாழ்வதே அவர் காட்டிய காரணம். அப்போது ஆப்பிரிக்காவிலிருந்து அத்தகைய புதைபடிவம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

நெதர்லாந்து மருத்துவரான யூஜின் துபுவா 1891இல் ஜாவாத் தீவின் திரினில் என்ற இடத்தில் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியையும், மறு ஆண்டில் ஒரு தொடையெலும்பையும் கண்டெடுத்தார். மண்டை சிறியது, தொடையெலும்போ இன்றைய மனிதனுடையதைப் போன்றது. அத்தொடையெலும்பு காலத்தால் பிந்தியது என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஆயினும் நிமிர்ந்து நடந்த, சிறிய மூளை கொண்ட ஒரு மூதாதை இருந்திருக்கலாம் என்ற கருத்தை முதலில் முன்வைத்தது இக்கண்டுபிடிப்பே. இன்று இவ்வினம் ஹோமோ எரக்டஸ் எனப்படுகிறது.

பில்ட்டவுன் மோசடி

1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் ஊரில் கிடைத்ததாகக் கூறி, சார்லஸ் டாசன் என்பவரும் ஆர்தர் ஸ்மித் உட்வர்டு என்ற அறிஞரும் சில எலும்புத் துண்டுகளை வெளியிட்டனர். மண்டை பெரியது, மனிதனுடையதைப் போன்றது; தாடை குரங்கினுடையதைப் போன்றது. மூளைதான் முதலில் வளர்ந்தது என்று நம்பியவர்கள் எதிர்பார்த்த வடிவம் அப்படியே அதில் இருந்தது. முதல் மனிதன் ஐரோப்பாவில் தோன்றினான் என்ற பெருமிதத்துக்கும் அது தீனி போட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1953இல் கென்னத் ஓக்லி, ஜோசப் வைனர், லெ கிராஸ் கிளார்க் ஆகியோர் உண்மையை வெளிப்படுத்தினர். மண்டை சில நூறு ஆண்டுகளே பழமையான மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டு, எலும்புகளுக்குப் பழமை தோன்றச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. டாசன் ஒருவரே இம்மோசடியைச் செய்திருக்க வேண்டும் என்று 2016இல் வெளியான ஆய்வு முடிவு கூறியது. எதிர்பார்ப்புக்கு ஒத்து வந்ததாலேயே ஒரு போலிச் சான்று நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. அதே காலத்தில் எதிர்பார்ப்புக்கு ஒத்து வராத உண்மைச் சான்று ஒன்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது.

டாங் குழந்தை

அந்த உண்மைச் சான்று தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் இருந்த சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து 1924இல் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டிடம் ஒரு குழந்தையின் முகமும், மண்டைக்குள் சுண்ணாம்பு படிந்து உருவான மூளையின் அச்சும் வந்து சேர்ந்தன. பால்பற்கள் விழாத, நான்கு வயதுக்கு மேற்படாத குழந்தை அது. மூளை சிறியது. ஆனால் கோரைப்பற்கள் குரங்கினுடையவை போல நீண்டவை அல்ல.

மற்றொன்றையும் டார்ட் கவனித்தார். மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் பெருந்துளை ஒவ்வொரு மண்டையோட்டிலும் உண்டு. நான்கு காலில் நடக்கும் விலங்குகளுக்கு அது மண்டையின் பின்பக்கமாக இருக்கும். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்குத் தலை முதுகெலும்பின் மேல் நேராக அமர்வதால், அத்துளை மண்டையின் அடியில் முன்தள்ளி இருக்கும். டாங் குழந்தைக்கு அது முன்தள்ளியே இருந்தது. சிறிய மூளை, நிமிர்ந்த உடல் என்ற முடிவுக்கு வந்த டார்ட், 1925இல் அவ்வினத்துக்கு ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆப்பிரிக்கானஸ் என்று பெயரிட்டார். 'ஆப்பிரிக்காவின் தென்புறக் குரங்கு' என்பது அதன் பொருள்.

பிரிட்டனின் முன்னணி அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. அது ஏதோ குரங்குக் குட்டி என்றனர். மறுத்தவர்களுள் முதன்மையானவர் பில்ட்டவுன் மனிதனை ஆதரித்து வந்த ஆர்தர் கீத். பின்னர் ராபர்ட் புரூம் 1936 முதல் ஸ்டெர்க்ஃபோன்டைன் முதலிய குகைகளில் அதே வகையைச் சேர்ந்த வளர்ந்தவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார். இடுப்பெலும்பும் கிடைத்தது. 1947இல், டார்ட் கூறியதே சரி என்று கீத் வெளிப்படையாக எழுதினார்.

அக்குழந்தை இறந்த விதமும் பிற்காலத்தில் ஆராயப்பட்டது. கண்குழிகளில் உள்ள துளைகளும் கீறல்களும், பெரிய கழுகுகள் தாம் கொன்ற குரங்குகளின் மண்டையில் விடும் அடையாளங்களை ஒத்துள்ளன. எனவே அதைக் கழுகு ஒன்று கொன்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

லூசி

1974 நவம்பர் 24 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹதார் என்ற இடத்தில் டொனால்டு ஜொஹான்சன், டாம் கிரே ஆகியோர் ஒரு சிறிய முழங்கை எலும்பைக் கண்டனர். தொடர்ந்து தேடியதில் ஒரே உடலைச் சேர்ந்த எலும்புக்கூட்டின் ஏறத்தாழ 40 விழுக்காடு கிடைத்தது. அன்றிரவு முகாமில் ஒலித்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடலிலிருந்து அதற்கு லூசி என்ற பெயர் அமைந்தது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் அவள் பெயர் திங்கினேஷ். 'நீ வியப்புக்குரியவள்' என்பது அதன் பொருள்.

லூசி ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். உயரம் சுமார் மூன்றரை அடி. 1978இல் அவள் இனத்துக்கு ஆஸ்ட்ரலோபித்திகஸ் அஃபாரென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. அவள் எலும்புகள் சொல்லும் செய்தி இரண்டு மூட்டுகளில் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது இடுப்பு. சிம்பன்சியின் இடுப்பெலும்பு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். லூசியின் இடுப்பெலும்பு நமதைப் போலக் குட்டையாகவும் அகன்றும் கிண்ணம் போல உள்ளது. ஒரு காலை எடுத்து வைக்கும்போது உடல் பக்கவாட்டில் சாயாமல் தாங்கும் தசைகள் பிடித்துக்கொள்ள இவ்வடிவம் தேவை.

இரண்டாவது முழங்கால். மனிதனின் தொடையெலும்பு இடுப்பிலிருந்து உட்புறமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால் நடக்கும்போது பாதங்கள் உடலின் எடைக்கு நேர்கீழே வருகின்றன. சிம்பன்சிக்கு இச்சாய்வு இல்லை. எனவேதான் அது இரண்டு காலில் நடக்கும்போது இருபுறமும் ஆடி ஆடி நடக்கிறது. லூசியின் தொடையெலும்பில் இச்சாய்வு தெளிவாக உள்ளது. அவள் இனத்தின் மூளை அளவோ 400 முதல் 550 கன செ.மீ. வரையே. சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது.

லேட்டோலி காலடித் தடங்கள்

எலும்பை வைத்து நடையை ஊகிக்கலாம். தான்சானியாவின் லேட்டோலியில் நடையே பதிந்து கிடைத்தது. 1976இல் மேரி லீக்கியின் ஆய்வு முகாமுக்கு வந்திருந்த சிலர், காய்ந்த யானைச் சாணத்தை ஒருவர் மீது ஒருவர் எறிந்து விளையாடினர். தப்பிக்க முயன்று கீழே விழுந்த ஆண்ட்ரூ ஹில், தரையில் விலங்குகளின் தடங்கள் கல்லாகி இருப்பதைக் கண்டார். 1978இல் அதே சாம்பல் படிவில் மனிதப் பாதம் போன்ற தடங்கள் வெளிப்பட்டன. அவற்றின் வயது சுமார் 36 இலட்சம் ஆண்டுகள்.

எரிமலை பொழிந்த மெல்லிய சாம்பலின் மேல் தூறல் விழுந்து அது ஈரச் சிமெண்டு போலாகியிருந்தது. அதன் மேல் சிலர் நடந்து சென்றனர். வெயிலில் சாம்பல் இறுகியது. அடுத்துப் பொழிந்த சாம்பல் அதை மூடிக் காத்தது. ஏறத்தாழ 27 மீட்டர் நீளத்துக்குச் செல்லும் இத்தடத்தில் குதிகால் முதலில் ஆழமாக ஊன்றியுள்ளது. பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி முன்னோக்கியுள்ளது. கை ஊன்றிய அடையாளம் எங்கும் இல்லை. ஒரு பெரிய தடத்தின் மேலேயே இன்னொருவர் கால் வைத்துச் சென்றுள்ளார். பக்கத்தில் ஒரு சிறியவரின் தடமும் செல்கிறது. இத்தடங்கள் அழியாமலிருக்க மீண்டும் மண்ணிட்டு மூடிப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மரமும் தரையும்

நிமிர்ந்த நடை ஒரே நாளில் முழுமை பெற்றதன்று. எத்தியோப்பியாவின் டிக்கிக்காவில் செரசெனாய் அலெம்செகெட் குழுவினர் 2000இல் கண்டெடுத்து 2006இல் அறிவித்த 'செலாம்' என்ற குழந்தை, லூசியின் இனத்தைச் சேர்ந்தது. இறக்கும்போது வயது மூன்றளவில் இருக்கலாம். அதன் கால் நடப்பதற்கு ஏற்றது. தோள்பட்டை எலும்போ மரமேறும் குரங்கினுடையதை ஒத்தது. இவ்வினத்தார் பகலில் தரையில் நடந்து, இரவில் மரத்தில் தங்கியிருக்கலாம்.

இதைவிடப் பழையது 'ஆர்டி' எனப்படும் ஆர்டிபித்திகஸ் ரமிடஸ். எத்தியோப்பியாவின் அராமிஸ் பகுதியில் 1994இல் கிடைத்த இவ்வெலும்புகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. டிம் வைட் தலைமையிலான குழு பதினைந்து ஆண்டுகள் உழைத்து 2009இல் முழு விவரங்களையும் வெளியிட்டது. வயது 44 இலட்சம் ஆண்டுகள். மூளை 300 முதல் 350 கன செ.மீ. வரை. கால் பெருவிரல் கிளையைப் பற்றும்படி விலகி நிற்கிறது. ஆனால் இடுப்பின் மேற்பகுதி இரண்டு காலில் நிற்க ஏற்றது. ஆர்டி வாழ்ந்த இடம் மரங்கள் அடர்ந்தது. காடு அழிந்து புல்வெளி ஆனதால்தான் மூதாதையர் எழுந்து நின்றனர் என்ற எளிய விளக்கம் இதனால் வலுவிழந்தது.

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள சாட் நாட்டில் 2001இல் கிடைத்த 'டூமாய்' மண்டையோடு 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகள் பழமையானது. அதன் பெருந்துளையும் முன்தள்ளி இருப்பதாகக் கண்டவர்கள் கூறினர். அது உண்மையில் நிமிர்ந்து நடந்ததா என்ற விவாதம் இன்றும் நீடிக்கிறது.

மூளை வளர்ந்த காலம்

மூளை அளவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பது விளங்கும். அளவுகள் தோராயமானவை.

டூமாய், 60–70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்: 360 கன செ.மீ.
ஆர்டி, 44 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்: 300–350 கன செ.மீ.
லூசியின் இனம், 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்: 400–550 கன செ.மீ.
ஹோமோ ஹாபிலிஸ், சுமார் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்: 600 கன செ.மீ.
துர்க்கானா சிறுவன், சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்: 880 கன செ.மீ.
இன்றைய மனிதன்: 1350 கன செ.மீ.

அறியப்பட்ட மிகப் பழைய கற்கருவிகள் கென்யாவின் லொமெக்வியில் கிடைத்தவை. வயது 33 இலட்சம் ஆண்டுகள். லேட்டோலித் தடங்களும் ஆர்டியும் அவற்றுக்கு முந்தியவை. ஆகவே கருவி பிடிப்பதற்காகவே மனித வழியினர் எழுந்து நின்றனர் என்ற கருத்துக்கும் கிடைத்துள்ள சான்றுகள் துணை நிற்கவில்லை. கைகள் முதலில் விடுபட்டன. அவற்றுக்கான வேலை பின்னர் வந்தது.

துர்க்கானா சிறுவனின் எலும்புக்கூட்டை 1984இல் கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே முதலில் கண்டவர் காமோயா கிமேயு என்ற கென்ய நாட்டுப் புதைபடிவத் தேடுநர். பழைய மனித வழியினரின் எலும்புக்கூடுகளில் இவ்வளவு முழுமையானவை மிகச் சில. ஹோமோ எரக்டஸ் வகையைச் சேர்ந்த அச்சிறுவனின் கால்கள் நீளமானவை. உடலமைப்பு நம்முடையதை ஒத்தது. நெடுந்தொலைவு நடக்கத்தக்க உடல் இவ்வாறு உருவானது.

அந்த நடை அவர்களை ஆப்பிரிக்காவுக்கு வெளியே கொண்டு சென்றது. ஜார்ஜியா நாட்டின் திமானிசியில் சுமார் 18 இலட்சம் ஆண்டுகள் பழமையான மண்டையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றின் மூளை அளவு 550 முதல் 730 கன செ.மீ. வரையே. கண்டம் கடப்பதற்கும் பெரிய மூளை தேவைப்படவில்லை. அங்குக் கிடைத்த ஒரு முதியவரின் மண்டையில், இறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ எல்லாப் பற்களும் விழுந்து ஈறெலும்பு மூடியிருந்தது. மெல்ல முடியாத ஒருவர் அவ்வளவு காலம் உயிர் வாழ்ந்ததற்கு மற்றவர்களின் உதவி காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இந்தியாவில் இக்காலத்து மனித வழியினரின் எலும்பைவிடக் கருவிகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடத்தில், சாந்தி பப்பு குழுவினர் மீண்டும் அகழ்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று காட்டியது. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு அங்குக் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதை ஆற்றுப் படிவில் 1982இல் அருண் சோனக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதியே இந்தியாவில் கிடைத்த பழைய மனித வழியினரின் புதைபடிவங்களுள் சிறப்பானது.

நிமிர்ந்த நடையின் பயனும் விலையும்

நிமிர்ந்த நடை ஏன் தோன்றியது என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆற்றல் சிக்கனம். 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனிதன் நடக்கச் செலவிடும் ஆற்றல் சிம்பன்சி நடக்கச் செலவிடுவதில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே. உணவைக் கையில் சுமந்து செல்ல முடிவது மற்றொரு பயன்.

இதற்கு விலையும் உண்டு. நான்கு காலுக்கு அமைந்த முதுகெலும்பு நேராக நிமிர்ந்து உடலைத் தாங்க வேண்டியதாயிற்று. மனிதருக்கு முதுகுவலி மிகுதியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் எனப்படுகிறது. நடைக்கு ஏற்றவாறு இடுப்பெலும்பு மாறிய பின்னர் மூளையும் பெருத்ததால், மனிதருக்குப் பிள்ளைப்பேறு கடினமாயிற்று. பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ந்தவரின் மூளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய வளர்ச்சி பிறந்த பின்னரே நடைபெறுகிறது. அதனால் மனிதக் குழந்தை பல ஆண்டுகள் பிறர் அரவணைப்பில் வளர வேண்டியுள்ளது. அந்த நீண்ட காலமே கற்பதற்கும் கற்பிப்பதற்கும் வாய்ப்பாகவும் அமைகிறது.

தவறான புரிதல்கள்

சிம்பன்சியிலிருந்து மனிதன் தோன்றினான் என்பது தவறு. இரண்டும் ஒரு பொது மூதாதையின் வழி வந்த இரு கிளைகள்.

குரங்கு போன்ற உருவம் படிப்படியாக நிமிர்ந்து மனிதனாவதைக் காட்டும் வரிசைப் படமும் முழு உண்மையைக் காட்டுவதன்று. ஒரே காலத்தில் பல மனித இனங்கள் வாழ்ந்துள்ளன. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003இல் கிடைத்த ஹோமோ ஃபுளோரசியென்சிஸ் மூன்றரை அடி உயரமே உடையது. மூளை சிம்பன்சியின் மூளையளவு. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013இல் கிடைத்த ஹோமோ நலேடி, சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் மூளையும் சிறியதே. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த நம் இனத்தின் பழைய எலும்புகளும் அதே காலத்தவை. மூளை எல்லாக் கிளைகளிலும் ஒரே சீராகப் பெருகவில்லை என்பதை இவை காட்டுகின்றன. இவ்வினங்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது இரண்டு காலில் நடக்கும் நடையே.